தனியாக ஆடுவோரும் வீடியோ கேம் மதிப்புரைகளும்

வீடியோ கேம் மதிப்புரை என்பது, விற்பனைக்கு வரும் ஓர் ஆட்டத்தை ஆடிப் பார்த்து, அதன் நிறைகுறைகளை வாங்குவோருக்கு எடுத்துச் சொல்லும் எழுத்து அல்லது காணொளி ஆகும். பெரிய நிறுவனங்களின் புதிய ஆட்டம் ஒன்றின் விலை பல ஆண்டுகள் 60 அமெரிக்க டாலர் அளவில் இருந்தது. 2020க்குப் பின் பல ஆட்டங்களுக்கு அது 70 டாலராக உயர்ந்தது. இது சிறிய தொகை அன்று. எனவே வாங்குமுன் மதிப்புரையைப் படிப்பது பெரும்பாலோரின் வழக்கமாக உள்ளது.

ஆயினும், பெரும்பாலும் தனியாகவே ஆடும் ஒருவருக்கு இம்மதிப்புரைகள் பல வேளைகளில் தவறான வழியைக் காட்டிவிடுகின்றன. மதிப்புரையாளர் பொய் சொல்கிறார் என்பது இதன் பொருள் அன்று. அவர் பதில் சொல்லும் கேள்வியும் தனியாக ஆடுபவர் கேட்கும் கேள்வியும் வெவ்வேறானவை. "இந்த ஆட்டம் எப்படி இருக்கிறது?" என்பது மதிப்புரையின் கேள்வி. "உடன் ஆட யாருமில்லாதபோது இந்த ஆட்டத்தில் எனக்கு மிஞ்சுவது என்ன?" என்பது தனி ஆட்டக்காரரின் கேள்வி. இவ்விரண்டுக்கும் உள்ள இடைவெளி எங்கிருந்து வருகிறது, அதை எப்படிக் கடப்பது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

தனி ஆட்டம்

வீடியோ கேம்களை ஆடும் முறையைப் பொதுவாக மூன்றாகப் பிரிக்கலாம். ஒருவர் மட்டும் கணினியை எதிர்த்தோ கதையைப் பின்தொடர்ந்தோ ஆடுவது முதல் முறை. இருவரோ பலரோ ஒரே அணியாகச் சேர்ந்து ஆடுவது இரண்டாம் முறை. ஒருவரை ஒருவர் எதிர்த்துப் போட்டியிடுவது மூன்றாம் முறை. ஒரே ஆட்டத்தில் இம்மூன்றும் இருக்கலாம்.

தனியாக ஆடுவோர் ஒரே வகையினர் அல்லர். வேலை முடிந்து இரவில் ஒரு மணி நேரம் மட்டும் ஆடக்கூடியவர் உண்டு. முன்பின் தெரியாதவரோடு ஆடக் கூச்சப்படுபவர் உண்டு. இணைய இணைப்பு சீராக இல்லாதவர் உண்டு. கதை படிப்பதுபோல் அமைதியாக ஆட விரும்புபவரும் உண்டு. இவர்கள் அனைவருக்கும் பொதுவான தேவைகள் சில உள்ளன. நினைத்த நேரத்தில் தொடங்க வேண்டும். நினைத்த இடத்தில் நிறுத்த வேண்டும். வேறொருவர் வருகைக்குக் காத்திராமல் ஆட்டம் முழுமையாக இருக்க வேண்டும். சில ஆண்டுகள் கழித்து மீண்டும் எடுத்தாலும் அது இயங்க வேண்டும். ஒரு மதிப்புரை இந்த நான்கு தேவைகளுக்கும் பதில் தருகிறதா என்று பார்த்தால், பெரும்பாலும் இல்லை என்பதே விடை.

ஒற்றை மதிப்பெண்ணின் சிக்கல்

மதிப்புரைகளில் அதிகம் படிக்கப்படுவது கடைசியில் உள்ள மதிப்பெண்தான். 2001இல் தொடங்கப்பட்ட மெட்டாகிரிட்டிக் தளம், பல இதழ்களின் மதிப்பெண்களைத் திரட்டி 100க்கு ஒரே எண்ணாகத் தருகிறது. எல்லா இதழ்களுக்கும் அது சம மதிப்பு தருவதில்லை. எந்த இதழுக்கு எவ்வளவு மதிப்பு என்பதையும் அது வெளியிடுவதில்லை. 2015இல் தொடங்கிய ஓப்பன்கிரிட்டிக் தளமும் இதே பணியைச் செய்கிறது. ஜப்பானின் ஃபாமிட்சு இதழில் நான்கு மதிப்புரையாளர்கள் தலைக்கு 10 வீதம் மதிப்பெண் இட்டு, 40க்கு மொத்தம் தருவது நெடுநாள் வழக்கம்.

இந்த எண்களுக்குப் பெரும் செல்வாக்கு உண்டு. 2010இல் வெளிவந்த 'ஃபால்அவுட்: நியூ வேகஸ்' ஆட்டத்தை உருவாக்கிய அப்சிடியன் நிறுவனத்துக்கு, மெட்டாகிரிட்டிக்கில் 85 பெற்றால் ஊக்கத்தொகை என்று பேசப்பட்டிருந்ததாகவும், 84 பெற்றதால் அது கிடைக்காமல் போனதாகவும் அந்நிறுவனத்தின் கிறிஸ் அவலோன் 2012இல் வெளிப்படுத்தினார். ஒரே ஒரு புள்ளி இவ்வளவு பொருள்படும் இடத்தில், அந்தப் புள்ளி எதை அளக்கிறது என்று கேட்பது நியாயமே.

பள்ளி மதிப்பெண் பட்டியலோடு ஒப்பிட்டால் சிக்கல் விளங்கும். ஒரு மாணவர் மொத்தத்தில் நல்ல மதிப்பெண் எடுத்தாலும், ஒரு பாடத்தில் தேர்ச்சி பெறாவிட்டால் பட்டியல் அதைத் தெளிவாகக் காட்டிவிடும். மொத்தம் அந்தத் தோல்வியை மறைக்க முடியாது. ஆட்ட மதிப்புரையிலோ மொத்தம் மட்டுமே அச்சாகிறது. தனி ஆட்டம் என்ற பாடத்தில் முற்றிலும் தோற்ற ஓர் ஆட்டம், பலர் ஆடும் பாடத்தில் சிறந்து விளங்கினால், மொத்தத்தில் 85ஐத் தாண்டிவிடுகிறது. முன்பு ஐஜிஎன், கேம்ஸ்பாட் போன்ற தளங்கள் காட்சியமைப்பு, ஒலி, ஆடும் முறை என்று பிரித்து மதிப்பெண் தந்தன. அந்தப் பிரிவுகளிலும் தனியாக ஆடுவதற்கு இவ்வளவு, கூட்டாக ஆடுவதற்கு இவ்வளவு என்ற பகுப்பு இருக்கவில்லை.

2016 பிப்ரவரியில் காப்காம் வெளியிட்ட 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5' இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சண்டை நுட்பத்தில் அது மிகவும் பாராட்டப்பட்டது. ஆனால் வெளியானபோது, வரிசையாகக் கணினி எதிரிகளை வென்று முன்னேறும் ஆர்கேடு முறை அதில் இல்லை. இந்த வரிசை ஆட்டங்களைத் தனியாக ஆடியவர்களுக்கு ஆர்கேடு முறையே வீட்டின் முன்வாசல். சிறு சிறு கதைத் துண்டுகளும் வேறு சில முறைகளும் மட்டுமே இருந்தன. முழுக் கதைமுறை சில மாதங்கள் கழித்து இலவசமாகச் சேர்க்கப்பட்டது. ஆர்கேடு முறை 2018 ஜனவரியில்தான் வந்தது. மதிப்புரையாளர்கள் இக்குறையை எழுதாமல் இல்லை. எழுதினார்கள், மதிப்பெண்ணும் குறைத்தார்கள். முடிவில் மெட்டாகிரிட்டிக்கில் அதற்கு 77 கிடைத்தது. இந்த 77 யாருக்கு உரியது? போட்டிக்காக வாங்குபவருக்கு அது மிகக் குறைவு. தனியாக ஆட வாங்குபவருக்கு அது மிக அதிகம். சராசரி எண் இரு சாராரில் ஒருவருக்கும் பொருந்தவில்லை.

2014 மார்ச்சில் வந்த 'டைட்டன்ஃபால்' இன்னும் தெளிவான சான்று. அதன் கதையே பலர் சேர்ந்து ஆடும் போட்டிகளுக்கு இடையில் சொல்லப்பட்டது. தனியாக ஆடும் கதைப் பகுதி கிடையாது. ஆயினும் மதிப்பெண் 85க்கு மேல். இரண்டு ஆண்டுகள் கழித்து வந்த 'டைட்டன்ஃபால் 2' சிறந்த தனி ஆட்டக் கதைப் பகுதியோடு வந்து பரவலான பாராட்டைப் பெற்றது. இரண்டின் மதிப்பெண்களும் ஏறக்குறைய ஒரே அளவிலானவை. தனி ஆட்டக்காரருக்கோ முதலாவது வெறும் பெட்டி, இரண்டாவது ஒரு முழுப் படைப்பு. எண்ணை மட்டும் பார்த்தவருக்கு இந்த வேறுபாடு தெரிய வழியில்லை.

2021இல் 'தி கேம் அவார்ட்ஸ்' விழாவில் ஆண்டின் சிறந்த ஆட்டமாகத் தேர்வான 'இட் டேக்ஸ் டூ'வும் இங்குக் குறிப்பிடத்தக்கது. இருவர் இல்லாமல் அதைத் தொடங்கவே முடியாது. ஒருவர் வாங்கினால் மற்றவர் இலவசமாகச் சேரலாம் என்ற ஏற்பாட்டை உருவாக்குநர்கள் செய்திருந்தனர். மதிப்புரைகளும் இருவர் தேவை என்பதை மறைக்கவில்லை. இங்கு எழுத்து நேர்மையானது. எழுத்திலிருந்து பிரிந்து தனியே சுற்றும் எண்ணும் விருதும்தான் தனியாக ஆடுபவரை ஏமாற்றக்கூடியவை.

மதிப்புரை உருவாகும் சூழல்

ஆட்டம் கடைக்கு வருமுன்பே மதிப்புரையாளருக்குப் பிரதி அனுப்பப்படுகிறது. இன்ன நாள், இன்ன நேரத்துக்கு முன் மதிப்புரை வெளியிடக் கூடாது என்ற நிபந்தனையும் உண்டு. இணையத்தோடு இணைந்த ஆட்டம் என்றால், அப்போது சர்வரில் இருப்பவர்கள் மிகச் சிலரே. உலகம் முழுவதும் ஒரே நாளில் மக்கள் நுழையும்போது அதே சர்வர் எப்படி இருக்கும் என்பதை அந்தச் சூழல் காட்டாது.

2013 மார்ச் 5 அன்று அமெரிக்காவில் வெளியான 'சிம்சிட்டி' இந்தக் குறையை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. வில் ரைட் உருவாக்கி 1989இல் வெளிவந்த முதல் சிம்சிட்டி, ஒருவர் தனியே அமர்ந்து தன் நகரத்தைக் கட்டி வளர்க்கும் ஆட்டம். 2013ஆம் ஆண்டுப் பதிப்போ எப்போதும் இணையத்தில் இணைந்திருக்க வேண்டும் என்றது. தன் நகரத்தைத் தான் மட்டும் ஆள விரும்பியவரும் சர்வரின் வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று. வெளியான முதல் நாட்களில் பலரால் உள்ளே நுழையவே முடியவில்லை. சுமையைக் குறைக்க ஆட்டத்தின் மிக விரைவான வேகமும் நிறுத்திவைக்கப்பட்டது. அமேசான் அதன் பதிவிறக்க விற்பனையைத் தற்காலிகமாக நிறுத்தியது.

வெளியீட்டுக்கு முன் பாலிகன் தளம் இந்த ஆட்டத்துக்கு 10க்கு 9.5 கொடுத்திருந்தது. பின்னர் அதை 8 ஆக்கியது. சில நாட்களில் 4 ஆக்கியது. நிலைமை சீரானபின் 6.5 என்று மாற்றியது. மதிப்பெண்ணைத் திருத்தியது அத்தளத்தின் நேர்மையைக் காட்டுகிறது. அதே வேளையில், முதல் நாள் 9.5ஐ நம்பிப் பணம் கட்டியவருக்கு அந்தத் திருத்தம் பயன்படவில்லை. நகரக் கணக்குகளின் ஒரு பகுதி சர்வரில் நடப்பதால் இணைப்பு கட்டாயம் என்று நிறுவனம் விளக்கியது. இணைப்பில்லாமலும் ஆட்டத்தை இயக்க முடியும் என்று தனியார் ஒருவர் விரைவிலேயே செய்து காட்டினார். ஓராண்டு கழித்து, 2014 மார்ச்சில், இணைப்பின்றி ஆடும் முறையை நிறுவனமே வழங்கியது.

இதற்கு முந்தைய ஆண்டு, 2012 மே 15 அன்று வெளியான 'டையப்லோ 3' ஆட்டத்திலும் இதுவே நடந்தது. தனியாக ஆடுபவரும் சர்வரில் நுழைந்தாக வேண்டும். முதல் நாளில் நுழைய முயன்றவர்கள் கண்ட 'எரர் 37' என்ற அறிவிப்பு இணையத்தில் கேலிப் பொருளாயிற்று. மதிப்புரைகள் ஆட்டத்தின் சுவையைச் சரியாகவே எடுத்துச் சொல்லியிருந்தன. ஆனால் சமையல் எவ்வளவு சுவையாக இருந்தாலும், கதவு திறக்காத விடுதியில் யாரும் சாப்பிட முடியாது.

எந்தக் கருவியில் ஆடிப் பார்க்கப்பட்டது என்பதும் சூழலின் ஒரு பகுதியே. 2020 டிசம்பர் 10 அன்று வெளியான 'சைபர்பங்க் 2077' முற்றிலும் தனி ஆட்டம். வெளியீட்டுக்கு முன் கணினிப் பதிப்பு மட்டுமே மதிப்புரைக்குத் தரப்பட்டது. அதை வைத்து உயர்ந்த மதிப்பெண்கள் குவிந்தன. பழைய பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் கருவிகளில் வாங்கியவர்கள் கண்டதோ அடிக்கடி உறைந்து நிற்கும் ஆட்டம். சில நாட்களிலேயே சோனி தன் கடையிலிருந்து அதை நீக்கியது. 2021 ஜூனில்தான் அது மீண்டும் விற்பனைக்கு வந்தது.

தனி முறைக்குள் மறைந்திருக்கும் பிறர்

பெட்டியில் 'ஒருவர் ஆடலாம்' என்று எழுதியிருப்பதாலேயே ஆட்டம் ஒருவருக்கு முழுமையாகக் கிடைத்துவிடும் என்று கொள்ள முடியாது. 2012 மார்ச்சில் வெளியான 'மாஸ் எஃபெக்ட் 3' கதைக்குப் பேர்பெற்ற தனி ஆட்டத் தொடரின் மூன்றாம் பாகம். அதில் முதன்முறையாகப் பலர் ஆடும் பகுதி சேர்க்கப்பட்டது. அந்தப் பகுதியில் ஆடினால், தனிக் கதையின் இறுதிப் போருக்கான ஆயத்த விகிதம் உயரும். ஆடாதவருக்கு அது பாதியிலேயே நிற்கும். இதனால், கதையில் கிடைக்கும் எல்லாவற்றையும் தேடிச் சேர்த்தவர்கூட, பலர் ஆடும் பகுதியைத் தொடாமல் முழுமையான முடிவைக் காண்பது அரிதாயிற்று. அவ்வாண்டு ஜூனில் வந்த கூடுதல் பதிப்பு அந்தத் தேவையைக் குறைத்தது. மூன்று பாகங்களையும் தனியாக ஆடி வந்த ஒருவருக்குக் கடைசிக் கட்டத்தில் இது எவ்வளவு பெரிய செய்தி! ஆயினும் 'பலர் ஆடும் பகுதி எதிர்பார்த்ததைவிட நன்றாக உள்ளது' என்ற பாராட்டே பல மதிப்புரைகளில் முன்னே நின்றது.

2022 மார்ச் 4 அன்று வெளியான 'கிரான் டூரிஸ்மோ 7' மற்றொரு வகை. கார்களைச் சேர்த்து ஓட்டும் அதன் மையப் பகுதி ஒருவருக்கானது. ஆயினும் அதற்கு இணைய இணைப்பு கட்டாயம். வெளியாகி இரண்டு வாரங்களுக்குள் வந்த ஒரு புதுப்பிப்பின்போது சர்வர்கள் 30 மணி நேரத்துக்கும் மேல் நின்றுபோயின. அந்த நேரம் முழுவதும் தனியாக ஓட்ட நினைத்தவருக்கும் பெரும்பகுதி பூட்டிக் கிடந்தது. அதே காலத்தில் பல பந்தயங்களின் பரிசுத் தொகையும் குறைக்கப்பட்டது. இதனால் விலையுயர்ந்த கார்களைப் பெற நெடுநேரம் ஆட வேண்டும், அல்லது உண்மையான பணம் கொடுக்க வேண்டும் என்ற நிலை உருவாயிற்று. எதிர்ப்பு வலுத்ததால் நிறுவனம் மன்னிப்புக் கேட்டுப் பரிசுகளை உயர்த்தியது. மெட்டாகிரிட்டிக்கில் விமர்சகர்களின் மதிப்பெண் 85க்கு மேலேயே நின்றது. பொதுமக்கள் இட்ட மதிப்பெண் 10க்கு 2க்கும் கீழே சரிந்தது. இரு சாராரும் ஒரே பெயருள்ள ஆட்டத்தைத்தான் ஆடினார்கள். ஆனால் அவர்கள் ஆடியது ஒரே ஆட்டத்தை அன்று.

வேகமும் காலக்கெடுவும்

மதிப்புரையாளர் 40 மணி நேர ஆட்டத்தை ஒரு வாரத்துக்குள் முடிக்க வேண்டிய நெருக்கடியில் இருப்பார். தனியாக ஆடுபவர் அதே ஆட்டத்தை இரவுக்கு ஒரு மணி நேரமாக இரண்டு மாதம் ஆடுவார். இந்த இருவருக்கும் ஒரே அனுபவம் கிடைப்பதில்லை.

ஒரே வகையான பணிகள் திரும்பத் திரும்ப வருவது, ஒரே மூச்சில் ஆடுபவருக்குச் சலிப்பூட்டும். நாளுக்கு ஒன்றாகச் செய்பவருக்கு அதுவே இதமாக இருக்கலாம். மாறாக, எந்த இடத்திலும் சேமித்து நிறுத்த முடியாத ஆட்டம், நாள் முழுவதும் ஆடுபவரின் கண்ணில் குறையாகப் படாது. குழந்தை அழுததும் எழுந்து போக வேண்டியவருக்கு அது பெரும் தடை. கதையில் ஒரு வாரம் இடைவெளி விட்டு வந்தால் எங்கே விட்டோம் என்று நினைவூட்டும் வசதி உண்டா என்பதும் அப்படிப்பட்டதே. இடைவெளியே விடாமல் ஆடிய மதிப்புரையாளருக்கு அந்தக் கேள்வி எழாது.

நண்பர்களோடு ஆடும்போது சுமாரான ஆட்டமும் இனிக்கும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். சிரிப்பும் பேச்சும் ஆட்டத்திலிருந்து வந்தவையா, உடன் இருந்தவர்களிடமிருந்து வந்தவையா என்று பிரித்துப் பார்ப்பது எளிதன்று. அணியில் ஆள் குறைந்தால் கணினியே துணைவர்களை இயக்கும் என்று சொல்லப்படும் ஆட்டங்களில், அந்தக் கணினித் துணைவர்களோடு மட்டும் ஒரு முழு இரவு ஆடிப் பார்த்து எழுதிய மதிப்புரை அரிது.

மாறும் ஆட்டம், மாறாத மதிப்புரை

புத்தகத்துக்கும் திரைப்படத்துக்கும் எழுதிய விமர்சனம் ஐம்பது ஆண்டு கழித்தும் அதே படைப்பைப் பற்றியதாக இருக்கும். இன்றைய ஆட்டங்களுக்கு அந்த உறுதி இல்லை. 2017 செப்டம்பரில் வெளியான 'டெஸ்டினி 2' ஆட்டத்தின் மதிப்புரைகளில், 'ரெட் வார்' என்ற அதன் முதல் கதைப் பகுதி முந்தைய ஆட்டத்தைவிடத் தேறியதாகப் பாராட்டப்பட்டது. தனியாக ஆடி முடிக்கக்கூடிய பகுதி அதுதான். 2020 நவம்பரில் அந்தக் கதைப் பகுதி ஆட்டத்திலிருந்தே நீக்கப்பட்டது. பாராட்டிய மதிப்புரை இன்னும் இணையத்தில் உள்ளது. பாராட்டப்பட்ட பொருள் இல்லை.

2014 டிசம்பரில் யூபிசாஃப்ட் வெளியிட்ட 'தி க்ரூ' என்ற கார் ஆட்டத்தைப் பலர் தனியாகவே ஆடினர். அதற்கும் இணைப்பு கட்டாயம். 2024 மார்ச் 31 அன்று அதன் சர்வர்கள் மூடப்பட்டன. காசு கொடுத்து வட்டு வாங்கியவரும் அதன்பின் ஆட முடியவில்லை. விற்ற ஆட்டத்தை ஆட முடியாதபடி ஆக்கக் கூடாது என்று கோரும் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கம் இதிலிருந்தே பிறந்தது. 2014இல் எழுதப்பட்ட மதிப்புரைகள் சாலைகளின் நீளத்தையும் கார்களின் ஓட்டத்தையும் பேசின. பத்தாண்டுக்குள் இது மறைந்துவிடக்கூடியது என்ற எச்சரிக்கையே தனி ஆட்டக்காரருக்கு உண்மையில் தேவைப்பட்டது.

மதிப்பெண் திரட்டும் முறையும் இதற்குத் துணைபோகிறது. ஓர் இதழ் முதலில் வெளியிடும் மதிப்பெண்ணை மட்டுமே ஏற்பது தங்கள் விதி என்று மெட்டாகிரிட்டிக் 2012இல் விளக்கியது. ஆட்டம் கெட்டாலும் தேறினாலும் எண் அசையாது.

எதிர்த்திசையில் நேரும் பிழை

தனி ஆட்டக்காரர் தேவையில்லாததை வாங்கி ஏமாறுவது மட்டும் இழப்பன்று. தமக்கு மிகவும் பொருந்தக்கூடிய ஒன்றைத் தவறவிடுவதும் இழப்பே. 2012 ஜூனில் வந்த 'ஸ்பெக் ஆப்ஸ்: தி லைன்' போரின் கொடுமையை ஆடுபவரின் மனசாட்சிக்கே கேள்வியாகத் திருப்பிய ஆட்டம். பெர்லினைச் சேர்ந்த யாகர் நிறுவனம் அதன் கதையை உருவாக்கியது. வெளியீட்டாளரின் விருப்பத்தால், வேறொரு நிறுவனத்தைக் கொண்டு பலர் ஆடும் பகுதி ஒன்று ஒட்டப்பட்டது. அந்த ஒட்டுப்பகுதி சோபிக்கவில்லை. மதிப்புரைகளில் அது குறையாகவே எண்ணப்பட்டது. தனியாக ஆடுபவர் ஒருமுறைகூடத் திறந்து பார்க்க வேண்டாத ஒரு பகுதியின் குறை, அவர் பார்க்கும் எண்ணில் கழிக்கப்பட்டது. இன்று அந்த ஆட்டம் அதன் தனிக் கதைக்காகவே நினைவுகூரப்படுகிறது.

பயனர் கருத்துகள்

இதழ்களை நம்பாதவர்கள் பொதுமக்களின் கருத்தை நாடுவர். 2013 முதல் ஸ்டீம் கடையில், வாங்கி ஆடியவர்கள் 'பரிந்துரைக்கிறேன்', 'பரிந்துரைக்கவில்லை' என்று இரண்டில் ஒன்றைத் தெரிவிக்கலாம். அவர் எத்தனை மணி நேரம் ஆடினார் என்பதும் அருகில் காட்டப்படும். இது பெரும் வசதி. ஆனால் அவர் யாரோடு ஆடினார் என்பது காட்டப்படுவதில்லை. 300 மணி நேரம் ஆடியவர் நான்கு நண்பர்களோடு ஆடியிருந்தால், அந்த 300 மணி நேரம் தனியாக ஆடுபவருக்குச் சான்றாகாது. நிறுவனத்தின் மேல் கோபம் எழும்போது கூட்டமாக எதிர்மறைக் கருத்து இடுவதும், ஆதரவுக் கூட்டம் பதிலுக்குப் புகழ்வதும் நடப்பதால், விழுக்காட்டை மட்டும் நம்புவதும் முழுப் பயன் தராது.

மதிப்புரையாளர் தரப்பு நியாயம்

இவ்வளவுக்கும் மதிப்புரையாளரை மட்டும் குறை சொல்வது பொருந்தாது. பிரதி எப்போது தருவது, எந்தக் கருவிக்குத் தருவது என்பதை வெளியீட்டாளரே முடிவு செய்கிறார். வெளியான பின் செய்யப்படும் மாற்றங்களை முன்கூட்டி அறிய யாராலும் முடியாது. ஒவ்வொரு வகை வாசகருக்கும் தனித்தனி மதிப்புரை எழுத இதழ்களுக்குப் பணமும் ஆளும் இல்லை. பலர் ஆடுவதற்கென்றே செய்யப்பட்ட ஆட்டத்தைத் தனி ஆட்டத்தின் அளவுகோலால் அளப்பதும் அநீதியே. சதுரங்கப் பலகையைத் தனியாக ஆட முடியவில்லை என்று யாரும் குறை சொல்வதில்லை.

சில இதழ்கள் வழி தேடியும் உள்ளன. யூரோகேமர் 2015இல் 10க்கு மதிப்பெண் இடும் வழக்கத்தைக் கைவிட்டுப் பரிந்துரைச் சொற்களுக்கு மாறியது. இணைய ஆட்டங்களுக்கு முழு மதிப்பெண் இடாமல், 'மதிப்புரை நடைபெறுகிறது' என்ற குறிப்போடு முதல் கட்டுரை வெளியிடும் வழக்கம் பரவியது. 2023இல் வந்த 'கால் ஆஃப் டியூட்டி: மாடர்ன் வார்ஃபேர் 3' ஆட்டத்தின் தனிக் கதைப் பகுதிக்கு ஐஜிஎன் தனி மதிப்புரை எழுதி 10க்கு 4 கொடுத்தது. கதைக்காக மட்டும் வாங்க நினைத்தவருக்கு அந்த 4 நேரடியான, பயனுள்ள பதில். இவ்வாறு பிரித்து எழுதுவது இயலாத செயலன்று என்பதற்கும் அதுவே சான்று.

மதிப்புரையைப் படிக்கும் முறை

பெரும்பாலும் தனியாக ஆடுபவர் மதிப்புரையைப் பயன்படுத்தும்போது கீழ்க்காண்பவற்றைக் கவனிப்பது நலம்.

முதலாவது, எண்ணைக் கடைசியில் பார்ப்பது. பாராட்டுச் சொற்கள் எந்தப் பகுதியைப் பற்றியவை என்று கோடிட்டுப் படித்தால், தனி ஆட்டம் பற்றி எத்தனை வரி உள்ளது என்பது தெரிந்துவிடும். ஒரு பத்திகூட இல்லையெனில் அதுவே ஒரு செய்தி.

இரண்டாவது, இணைய இணைப்பு கட்டாயமா என்பதைக் கடைப் பக்கத்தில் பார்ப்பது. எத்தனை பேர் ஆடலாம், இணைப்பு தேவையா, விருப்பமா என்ற விவரங்கள் பெரும்பாலான கடைகளில் தரப்படுகின்றன. தனி ஆட்டத்துக்கும் இணைப்பு கட்டாயம் என்றால், வாங்குவது ஆட்டத்தை அன்று, சர்வர் இருக்கும்வரை நுழையும் உரிமையை மட்டுமே.

மூன்றாவது, மதிப்புரை வெளியான நாளையும், எந்தக் கருவியில் ஆடப்பட்டது என்பதையும் பார்ப்பது. வெளியீட்டுக்கு முன் எழுதப்பட்டதாயின், இரண்டு மூன்று வாரம் கழித்து வந்த கருத்துகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும். தனியாக ஆடுபவருக்கு முதல் நாளே வாங்க வேண்டிய அவசரம் இல்லை. போட்டியில் பின்தங்கிவிடும் அச்சமும் இல்லை. காத்திருப்பது அவருக்கு மட்டுமே உள்ள வசதி. பெரும்பாலும் விலையும் குறைந்திருக்கும்.

நான்காவது, தம்மைப் போலவே ஆடும் ஓரிரு மதிப்புரையாளரைக் கண்டறிந்து தொடர்வது. நூறு பேரின் சராசரியைவிட, ஒத்த பழக்கமுள்ள ஒருவரின் சொல் அதிகம் பயன்படும்.

ஐந்தாவது, திருப்பித் தரும் வசதியை அறிந்திருப்பது. ஸ்டீம் கடையில் 2015 ஜூன் முதல், வாங்கிய 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பப் பெறலாம். அந்த நேரத்துக்குள் இணைப்பைத் துண்டித்துத் தனியாக ஒருமுறை ஆடிப் பார்ப்பது எந்த மதிப்புரையையும்விடத் தெளிவான விடையைத் தரும்.

மதிப்பீடு

தனியாக ஆடுவது, ஆள் கிடைக்காததால் ஏற்றுக்கொள்ளும் குறைப்பட்ட ஆட்டம் அன்று. தனியாகப் படிப்பது போல, தனியாக இசை கேட்பது போல, அதுவும் ஒரு முழுமையான ஈடுபாடு. மதிப்புரைகள் அதைப் பலர் ஆடும் முறையின் ஓர் ஓரப் பகுதியாகவே நடத்தி வந்துள்ளன. இதனால் இழப்பு வாங்குபவரின் பணத்தோடு நிற்பதில்லை. எண் மட்டுமே வெற்றியைத் தீர்மானிக்கும்போது, தனி ஆட்டத்தில் தோற்றாலும் எண் குறையாது என்று கண்ட நிறுவனம் அடுத்த முறை அந்தப் பகுதியில் செலவிடத் தயங்கும். தனிக் கதைப் பகுதியே இல்லாமல் 2018இல் 'கால் ஆஃப் டியூட்டி: பிளாக் ஆப்ஸ் 4' வெளிவந்து நல்ல மதிப்பெண்ணும் பெற்றது இதை நினைவூட்டுகிறது.

தீர்வு பெரிதன்று. ஒவ்வொரு மதிப்புரையிலும் மூன்று வரி கூடினால் போதும்: தனியாக ஆடினால் இந்த ஆட்டத்தில் எவ்வளவு உண்டு, இணைப்பில்லாமல் இயங்குமா, சர்வர் மூடப்பட்டால் என்ன மிஞ்சும். இம்மூன்றுக்கும் விடை தரும் மதிப்புரை எந்த எண்ணையும் இடாமலே தன் கடமையைச் செய்துவிடும். அவ்விடை இல்லாத மதிப்புரை 95 இட்டிருந்தாலும், அது வேறு யாருக்கோ எழுதப்பட்டது என்று கொண்டு, தனியாக ஆடுபவர் தம் விடையைத் தாமே தேடிக்கொள்ள வேண்டும்.